கிளட்ச் பக்கத்துக் கையுறை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் சாப்பாட்டு மேசையில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பெருக்கித் தள்ள வாருகோலோடு வந்தேன். பார்த்தால் செல்வினுடைய கையுறைகள். கறுப்புத் தோல், விரல் மூட்டுகளின் மேல் பிளாஸ்டிக் குமிழ்கள், மணிக்கட்டில் ஒரு பட்டை. நேற்று குற்றாலத்துச் சாரலில் புல்லட் ஓட்டி நனைந்து வந்தவன், அவற்றை இட்லிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கிறான். நனைந்த வெள்ளாட்டையும் புளித்த மோரையும் ஒரே பானையில் அடைத்து வைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை.

தம்பிக்கு ஐம்பத்தாறு வயது. டெலிபோன் இலாகாவில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வேலை செய்வதில் இருந்த விருப்பத்தைவிட ஓய்வில் இருந்த விருப்பம் அதிகம். கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. பெண் வீட்டார் கெட்டிக்காரர்கள். நான் பதிவுத்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை நானும் பார்த்தேன். அதுவே போதுமென்று ஆகிவிட்டது. ஆக, பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

"ஏல, இந்த நாத்தம் ஒனக்குத் தெரியலியா?"

கையுறையை எடுத்து மூக்கோடு ஒட்டவைத்து உறிஞ்சினான். "என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லியே அக்கா."

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. செத்துப்போன மாமனார் உயிரோடிருப்பதாகச் சொல்லி என் மேசையில் பத்திரம் நீட்டியவர்கள்கூட இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை.

ஜூன் 5, வியாழன்

சாளை மீனை எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். மீனுக்கு மேல் பாலிதீன் பையில் கையுறைகள் விறைத்துக் கிடந்தன.

"பாக்டீரியா செத்துரும் அக்கா. வீடியோல சொல்லுதான்."

வீடியோவைக் காட்டினான். காதில் வளையம் போட்ட ஒரு பொடியன் பனிமலை முன்னால் நின்றுகொண்டு பேசுகிறான். அவன் ஊரில் எதுவுமே நாறாது. நாற வேண்டுமென்றால் முதலில் உருக வேண்டும்.

மதியம் எடுத்து வெளியே வைத்தோம். உருகியதும் நாற்றம் குளித்து முழுகிப் புத்துணர்ச்சியோடு எழுந்து வந்தது. இப்போது சாளை வாடையும் சேர்ந்திருக்கிறது. குழம்பு வைக்கவில்லை. மீனைப் பூனைக்குப் போட்டேன், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

செல்வின் மட்டும் வெற்றி பெற்றவன்போல் கையுறையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனான். பால் பூத் தெருமுனையில் இருக்கிறது. நடந்துதான் போனான்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்கும் கையுறையோடு வந்தான். ஆராதனை முடிகிறவரை கழற்றவில்லை. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த குடும்பம் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து பக்கத்து வரிசைக்குப் போனது. பிரசங்கம் அவ்வளவு மோசமில்லை, எனவே காரணம் எங்கள் பக்கம்தான்.

பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன் ஈஸ்டருக்கு முன்பே அதை விட்டுவிட்டான். ஏன் என்று போதகர் கேட்டதற்கு "சின்னப் பிள்ளைகளுக்கு வழி விடணும்லா அய்யா" என்றானாம். தியாகி. அவன் வாசிப்பைக் கேட்டவள் என்ற முறையில் சபைக்கு நல்லகாலம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபின்னும் கையுறையோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறான். விளம்பரத்தில் வருகிற ஆள் என்று நினைப்பு. பாளையங்கோட்டை வெயிலில் தோலுக்குள் கையை வேகவைத்தால் நாறாமல் மணக்குமா?

ஜூன் 9, திங்கள்

பாத்திரம் தேய்க்க வருகிற இசக்கியம்மாள் இன்று வாசலோடு நின்றுவிட்டாள். "எலி செத்துக் கெடக்கு போல, எடுத்துப்போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். இந்த வீட்டில் எதுவும் அப்படித்தான் நடக்கும்.

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து மொட்டைமாடியில் கொடியில் கவ்வி போட்டுத் தொங்கவிட்டேன். குளித்து வந்தவன் கையுறையைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டான். அலமாரி, கட்டிலடி, சலவைக் கூடை. நான் அடுக்களையில் நின்று வேடிக்கை பார்த்தேன். கடைசியில் என்னிடம் வந்து, வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க அக்கா வச்சே? வெளாடாத. எனக்கு வெளிய போகணும்."

"பேக்கரிக்குப் போறதுக்கு எதுக்குல கிளவுஸ்? பன்னு கடிச்சிருமா?"

"குடு அக்கா."

குரல் உடைந்தாற்போல் இருந்தது. சிறு வயதில் பம்பரத்தை ஒளித்து வைத்தால்கூட இந்தக் குரல் வராது. மாடியைக் காட்டினேன், ஓடினான். வெயிலில் தோல் காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது. அதையும் மாட்டிக்கொண்டு போனான். வெயில் தோலைத்தான் கெடுத்தது, நாற்றத்தின் மேல் ஒரு கீறல் விழவில்லை.

ஜூன் 16, திங்கள்

சமையல் சோடாவை உள்ளே கொட்டி, விரல் நுனிவரை போகும்படி குலுக்கி, ராத்திரி முழுக்கப் பையில் கட்டிவைத்தேன். காலையில் உதறித் தட்டினேன். மூக்கை வைத்துப் பார்த்தால், சொல்லப்போனால், பரவாயில்லை. ஆடு போய்விட்டது, மோர் மட்டும் இருந்தது.

சாயங்காலம் ஆடு திரும்பி வந்துவிட்டது.

பொடி போட்டு வாடையை உறிஞ்சலாம். பகல் முழுக்க வியர்வையை உள்ளே ஊற்றிக்கொண்டே இருக்கிறவனை என்ன செய்வது?

இந்த வயதில் இவனுக்குப் பனியன் மோகம் வேறு. சட்டைகளை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டுத் தலைவழியாகப் போடுகிற பனியன்களாக வாங்கி வைத்திருக்கிறான். ஒன்றில் மண்டையோடு படம்.

ஜூன் 21, சனி

புல்லட் குழுவினர் டீ குடிக்க வந்தார்கள். பொருநை ரைடர்ஸ் என்று பெயர். தலைவர் அருள்மணி, மரச்சாமான் கடைக்காரர். ஆனால் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். எந்தக் கப்பலுக்கு என்று கேட்க நினைத்தேன். தொப்பை ஜாக்கெட்டுக்கு வெளியே வந்து எட்டிப்பார்க்கிறது. கூட வந்த மற்ற ஆண்களும் அதே ரகம்: பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டு சுதந்திரமாக ஊர் சுற்றுகிறவர்கள்.

"என்ன கருவாடு, அடுத்த வாரமாவது பின்னாடி உருட்டாம எங்ககூட வருவியளா?" என்றார் அருள்மணி.

கருவாடு என்பது செல்வினுக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர். கையுறையைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாய் சிரித்தது, மற்ற முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் டீ கொடுத்தேன். செல்வின் தொடவில்லை. உபவாசம் என்றான். அவர்கள் போனபிறகு ஆறிப்போன டீயைச் சிங்க்கில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

அவனைக் கருவாடு என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு. மரக்கடைக்காரனுக்கு என்ன உரிமை?

ஜூன் 26, வியாழன்

வீட்டு வரிக்குச் செல்வின் எழுதிய காசோலை திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். வங்கியில் இருக்கிற அந்தக் கண்ணாடிக்காரப் பையனுக்கு என்ன தெரியும், நான் பார்த்த கையெழுத்தில் நூறில் ஒரு பங்கு பார்த்திருப்பானா என்று கொதித்துப்போய்க் காசோலையை வாங்கிப் பார்த்தேன்.

பையன் சொன்னது சரி.

செல்வின் கையெழுத்து முன்பெல்லாம் தாளில் பாதியை அடைக்கும். 'ல்' போட்டு ஒரு வால் இழுப்பான், அது அடுத்த வரிவரை போகும். இதில் வால் இல்லை. எழுத்துகள் போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த தடம்போல் முடிகின்றன. என் மேசைக்கு இப்படி ஒரு கையெழுத்து வந்திருந்தால், எழுதியவரை முன்னால் வரவழைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டிருப்பேன்.

"கோழி கிண்டின மாதிரி என்னல இது?"

"பேனா சரியில்ல அக்கா."

பேனா என்னுடையது. சரியாகத்தான் எழுதுகிறது. இதோ.

ஜூலை 2, புதன்

ஜங்ஷனில் செருப்புக் கடைக்காரரிடம் தோலைக் கழுவுவதற்கென்றே உள்ள சோப்பு கிடைத்தது. துணிச் சோப்பில் கழுவினால் தோல் செத்துவிடுமாம். கையுறையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் கழுவ வேண்டும் என்றார், சாதாரணமாகக் கை கழுவுகிற மாதிரி.

"ராத்திரி கிளவுஸ் என்கிட்ட வேணும். ரெண்டு நாள் கிடைக்காது" என்றேன் செல்வினிடம். எதிர்க்கவில்லை. கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகரைக் கலந்து முதலில் பூஞ்சணத்தைத் துடைத்தேன். பிறகு அவனுடைய கையுறைகளை என் கைகளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே ஈரமும் கதகதப்பும். நாற்றத்தைப் பற்றி இனி எழுதப்போவதில்லை, மூக்குக்கு ஒரு வார்த்தை மிச்சமில்லை. சோப்பு தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு கறுப்புத் தண்ணீர், பிறகு டீ நிறத்தில். திரும்பத் திரும்ப அலசினேன்.

அப்போதுதான் விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தேன். வலது கையுறையின் உள் துணி நன்றாக இருக்கிறது. இடது கையுறையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று படுகிற இடத்தில் துணி தேய்ந்து ஓட்டையாகி, தோல் தெரிகிறது. கிளட்ச் பிடிக்கிற கை என்பதால் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கிளட்ச் பிடிப்பது மற்ற விரல்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று எதற்கு இப்படி நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும்?

பிழியக் கூடாது. துவாலைக்குள் வைத்து ஒற்றி எடுத்து, செய்தித்தாளைத் திணித்து, ஃபேன் அடியில் நிழலில் வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஊசி கையில் இருந்தது, உள் துணியின் ஓட்டையைத் தைத்தேன்.

கூடத்தில் செல்வின் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உறங்கப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை நாற்காலிக் கையின் மேல் கிடந்தது. நான் வந்தது தெரியாது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டே இருந்தது. மாத்திரை உருட்டுகிற மாதிரி. நிற்கவே இல்லை. பிறகு கண் அசந்தான், கையும் அசந்தது.

ஃபேன் காற்றாக இருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

ஃபேன் காற்றில் கை அப்படி ஆடாது.

ஜூலை 6, ஞாயிறு

கையுறைகள் மணந்தன. அதாவது மணக்கவில்லை, எதுவும் வீசவில்லை. அதைவிடப் பெரிய மணம் இல்லை. அவனிடம் கொடுத்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு, "முன்னயும் இப்படித்தான அக்கா இருந்துச்சு?" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன்.

காலையில் குழுவோடு ஆரியங்காவுக்குக் கிளம்பினான். போகாதே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மத்தியானம் போன் வந்தது. "அக்கா, புளியரைல இருக்கேன். ஒரு காரு புடிச்சு வாறியா?"

வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் தென்காசி வரை தன் மச்சினன் கட்டுகிற வீட்டைப் பற்றிப் பேசினார். அந்த வீடு இடிந்து விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மலை ஏறும் இடத்தில் ஒரு டீக்கடை. வெளியே புல்லட் சாய்ந்து நின்றது, பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. செல்வின் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையுறைகள் பக்கத்தில் கிடந்தன. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. வளைவுல திரும்பறப்ப கிளட்ச்ச புடிக்க முடியல. ஆஃப் ஆயி அப்படியே சாஞ்சுட்டு. பின்னாடி லாரி வந்துச்சு. அவரு நல்லாப் பிரேக் போட்டாரு."

"ஒன் கேப்டன் எங்க?"

"மேல போயிருக்காவ. அங்கன சாப்பாடு சொல்லிருக்காவல்லா, நேரத்துக்குப் போகணும். திரும்பி வரும்போது என்னயப் பாப்பாவ."

அந்த ஆளைப் பற்றி அப்போது நினைத்ததை எழுதினால் இந்த டைரியைச் சபையில் திரும்பக் கேட்பார்கள். அவர்கள்தான் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது.

"கைய எடு" என்றேன்.

"எதுக்கு?"

"எடுல."

எடுத்து மேசைமேல் வைத்தான். கை ஆடியது. மேசையும் சேர்ந்து ஆடியது, அவன் தொடாமல் வைத்திருந்த டீ டம்ளர் கிணுகிணுவென்றது. கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் பால் பாத்திரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"எப்பம் இருந்துல?"

"பொங்கலுக்கு முன்னாடியே. மொதல்ல கட்டைவெரல் மட்டும். எதையாச்சும் கெட்டியாப் புடிச்சா நின்னுரும். கிளவுஸ் போட்டா வெளிய தெரியாது. அதான்."

"அதுக்குத்தான் வீட்டுக்குள்ளயும் அத மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியா?"

"ஆமா."

"யார்ட்டல்லாம் மறைச்சே?"

"எல்லார்ட்டயும். ஒங்கிட்டதான் முக்கியமா. நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்லா."

"என்ன சொல்லுவேன்?"

"இப்பம் சொல்லப்போறத."

கார் ஏறியதிலிருந்து சேர்த்துவைத்திருந்தேன். மூதி, அறிவுகெட்டவனே, ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிப்போகும் என்று, வரிசையாக எல்லாம் இருந்தது.

"டீ ஆறிப்போச்சு. வேற சொல்லுதேன்" என்றேன்.

டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன், அவன் குடித்தான். டீ மகா மட்டம். மலையடிவாரத்தில் கடையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு டீ போட அந்த ஆளுக்கு வெட்கமாக இல்லையா?

ஜூலை 7, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11, வெள்ளி

நரம்பு டாக்டர். என் சர்வீஸ் அளவுக்குக்கூட வயதிருக்காத ஒரு பெண். காத்திருக்கும் இடத்தில் மீன் தொட்டி, அதில் ஒரு மீன் தலைகீழாக மிதந்தது. இதைக் கவனிக்காதவர்கள் நோயாளியை எப்படிக் கவனிப்பார்கள் என்று செல்வினிடம் சொன்னேன். "சும்மா கெட அக்கா" என்றான்.

அவனை நடக்கச் சொன்னாள். இடது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டே போனது. எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் அப்படி நடந்திருக்கிறான்? விரலைத் தட்டச் சொன்னாள். எழுதச் சொன்னாள். எறும்புகள். பிறகு, "வாசனை எல்லாம் நல்லாத் தெரியுதா சார்?" என்று கேட்டாள்.

"தெரியுது டாக்டர்."

"கண்ண மூடுங்க." மேசை டிராயரிலிருந்து காப்பித்தூள் பாக்கெட்டைப் பிரித்து அவன் மூக்கடியில் பிடித்தாள். என் நாற்காலிவரை மணம் வந்தது. செல்வின் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான்.

"வைங்க டாக்டர்" என்றான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மீன் தொட்டி இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பார்க்கின்சன் நோய். இந்த நோயில் கை நடுங்குவதற்கு வருஷக்கணக்கில் முன்பே பலருக்கு மூக்கு போய்விடுமாம். மாத்திரை எழுதினாள். நடுக்கம் குறையும், நோய் போகாது. அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள், அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. புல்லட் ஓட்டக் கூடாது.

திரும்பும் வழியில் செல்வின், "அப்பம் அது நெசமாவே நாறுச்சா அக்கா?" என்று கேட்டான்.

"ஆமா."

"ரொம்பவா?"

"கொஞ்சம்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

சீலா மீன் வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது. முள் அதிகமில்லாத மீன், ஸ்பூனால் சாப்பிடலாம். வாங்கியதற்கு அது காரணமில்லை.

அவன் சட்டைகளில் பட்டன் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற டிச் பட்டன் வைத்தேன். மண்டையோட்டுப் பனியனைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அருள்மணி ஆரஞ்சுப் பழத்தோடும் சால்வையோடும் வந்தார்.

"செல்வின் அண்ணாச்சிய எங்க கிளப்புக்குக் கௌரவ ஆலோசகரா போட்டிருக்கோம் மேடம்."

"என்ன ஆலோசன கேப்பிய?"

"அது... சும்மா ஒரு மரியாதைக்கு."

"ரோட்டுல விழுந்தவன விட்டுட்டு மேல போயிச் சாப்பிட்டியளே, அந்த மரியாதையா?"

"குரூப்புன்னா ஒரு ரூல்ஸ் உண்டு மேடம். ஒருத்தருக்காக எல்லாரும் நிக்க முடியாதுல்லா."

"பழத்த எடுத்துக்கிடுங்க. சால்வையையும். வெளிய வண்டி துடைக்க ஆவும்."

"அக்கா, விடு" என்றான் செல்வின். பிறகு அவரைப் பார்த்து, "கேப்டன், லாரிக்காரரு பேரு தெரியுமா? மகாராஜன். அவருக்குப் போட்டுருங்க சால்வைய" என்றான். மெதுவாக, கோபமில்லாமல்.

இவனுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டியை வாங்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் நிஷா, தபால் அலுவலகத்தில் வேலை. நான் அவளைத் தெருக்கோடியிலேயே அளந்துவிட்டேன்: ஒல்லி, இந்த வண்டி சாய்ந்தால் நிமிர்த்தமாட்டாள். தப்பு. ஒரே உந்தில் ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள்.

செல்வின் அவள் பின்னாலேயே போய், செயின் எப்போது இறுக்க வேண்டும், குளிரில் எப்படிக் கிளப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாத்திரை வேலை செய்கிறது, ஆனாலும் பேசும்போது கை ஆடியது. அவள் கையைப் பார்க்கவில்லை. செயினைப் பார்த்தாள்.

கையுறைகளையும் கொடுத்தான். மாட்டிப் பார்த்தாள், பெரிது. "பரவால்ல சார், உள்ள இன்னொன்னு போட்டுக்கிடுதேன். நல்லா வச்சிருக்கீங்க, ஒரு வாடையும் இல்லியே!"

"சோப்பு எந்தக் கடைல கிடைக்கும்னு அக்காட்ட கேட்டுக்கம்மா. வெயில்ல மட்டும் போட்டுறாத" என்றான்.

வண்டிச் சத்தம் தெருத் திரும்பும்வரை வாசலில் நின்றான். பிறகும் நின்றான். தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லை. சோற்றை வைத்துவிட்டு, ஆறிப்போகும் என்று உள்ளேயிருந்து கத்தினேன். ஆறவில்லை. அப்போதுதான் வடித்திருந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாசரேத்தில் சித்தப்பா பேத்தி கல்யாணம். செல்வின் வரமாட்டேன் என்று மூன்று நாளாக முரண்டு. சொந்தக்காரர்களை நினைத்தால் எனக்கே போகப் பிடிக்காது. ஆனால் இவன் வரமாட்டேன் என்றதும் எனக்குப் போயே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது.

பந்தியில் எதிர் வரிசையில் ஜாய்ஸ் பெரியம்மா. எழுபது வருஷமாக அந்த வாயை யாரும் மூடச் சொன்னதில்லை. பாயசக் கோப்பையை எடுக்கும்போது செல்வின் கை ஆடி, கொஞ்சம் இலையில் சிந்தியது.

"என்னடே இது கை இந்த ஆட்டம் ஆடுது?" பந்தி முழுக்கக் கேட்டது. "ராத்திரில குடிக்கியோ? ஒங்க அப்பா எவ்வளவு பக்தியான மனுசன்!"

இலைகளில் கைகள் நின்றன. பெரியம்மாவுக்கென்று சில வாக்கியங்கள் பல வருஷமாக என்னிடம் தயாராக இருக்கின்றன. வாயைத் திறந்தேன்.

"குடி இல்ல பெரியம்மா" என்றான் செல்வின். "பார்க்கின்சன்னு ஒரு நோய். நரம்புல. இது போவாதாம். கூடவே இருக்கும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நடுங்குகிற கையாலேயே கோப்பையை மறுபடி எடுத்தான். மெதுவாகத்தான் வந்தது. வழியில் ஒரு முறை நின்றது. பக்கத்திலிருந்த என் கை பிடிக்க நீண்டது, அவன் கண்ணால் வேண்டாம் என்றான். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, "பாயசம் நல்லா இருக்கு, இல்லியா?" என்று பெரியம்மாவைக் கேட்டான்.

நல்லாயில்லை. சேமியா குழைந்து கூழாகிவிட்டது. ஆனாலும் நான் இன்னொரு கோப்பை வாங்கினேன்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் அவனை விட்டேன். அந்த ரோட்டைப் போட்டவனைப் பிடித்து அதன்மேலேயே தினமும் ஓடவிட வேண்டும். செல்வின் கொஞ்ச தூரத்தில் அசந்து, பிறகு விழித்துக்கொண்டான். இடது கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்தான். அவன் கையோடு என் கையும் ஆடியது.

அந்தப் பக்க சீட்டில் இருந்த ஒரு பெண் எங்கள் கைகளையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன், அவள் தலையைத் திருப்பிக்கொள்கிறவரை.